தோட்டாவின் அடக்க விலை

கையால் அடைத்த தோட்டா கடைத் தோட்டாவைவிட மலிவு என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் வீட்டில் சம்பளமில்லாமல் வேலை செய்வது யார் என்று திருப்பிக் கேளுங்கள். எங்கள் வீட்டில் அது நான்.

என் பெயர் கோர்லிஸ். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள். மிசூலாவில் பொருளியல் படித்தேன். நான்கு வருடமும் விடுதிக் கழிப்பறைகளைக் கழுவிக் கட்டணம் கட்டினேன். பட்டம் வாங்கிய கோடையில் லூயிஸ்டவுனுக்கு வெளியே இருக்கும் எங்கள் பண்ணைக்கு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். பதினாறு மாதம் ஆகிவிட்டது.

அப்பாவுக்குக் கண் போய்விட்டது. முழுக் குருடு இல்லை. பார்வையின் நடுவில் ஒரு கறை. உங்கள் முகத்தைப் பார்த்தால் காது தெரியும், மூக்கு தெரியாது. ஓரத்துப் பார்வையை வைத்துக்கொண்டு மாட்டை எண்ணுவார், பழக்கத்தை வைத்துக்கொண்டு பிக்கப் வண்டி ஓட்டுவார். வெளியே தெரிந்தால் லைசன்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அம்மாவும் நானும் மூச்சு விடவில்லை. அம்மாவுக்கு ஊருக்குள் முதியோர் இல்லத்தில் வேலை. ஆகவே பகல் முழுக்க அப்பாவின் கண் நான்தான்.

மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை. தோட்டாதான் என் கழுத்தைப் பிடித்தது. அக்டோபர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும். அதற்குள் அப்பா தனக்கும் அக்கம்பக்கத்துக்குமாக நானூறு தோட்டா அடைத்தாக வேண்டும். முப்பது வருடப் பழக்கம். சுட்ட பித்தளைக் கூடுகளைச் சேர்த்து, கழுவி, அச்சில் கொடுத்து நேராக்கி, அடியில் பொறி தட்டும் புதுக் கேப்பு பதித்து, வெடிமருந்தை ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்து ஊற்றி, குண்டை வைத்துப் பிரஸ் என்ற கைநெம்பு இயந்திரத்தில் அழுத்த வேண்டும். போன வருடம் நானூறையும் நான்தான் அடைத்தேன். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மருந்து கூட்டுக்குள் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். வாங்கிப் போகிறவர்கள் அப்பாவின் தோளைத் தட்டி, "வெர்லின் கைன்னா கைதான்" என்பார்கள். அப்பா சிரிப்பார். நான் கை கழுவப் போய்விடுவேன்.

அந்தச் சீசனுக்காக, சியாட்டிலில் கிடைத்த வேலை ஒன்றை விட்டேன். இந்த வருடம் ஒரு பகல் கார்ப் பயணத்திலிருக்கும் ஸ்போக்கேனில் ஒரு மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். அப்பாவிடம் சொன்னேன்.

"நானூறு தோட்டாவ யாரு அடைப்பா?"

"கடையில வாங்குங்க."

"கடையில வாங்க நான் என்ன பணக்காரனா? நஷ்டம்னு காகிதத்துல காட்டு. இந்த வருஷம் கடையில வாங்கறேன், நீ போ. படிச்சவதானே நீ?"

காட்டினேன். வியாழக்கிழமை காலை, முட்டைத் தட்டை ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தேன். அவரால் படிக்க முடியாது என்பதால் வாய்விட்டு வாசித்தேன்.

"குண்டு நாப்பத்தஞ்சு சென்ட். மருந்து முப்பது. கேப்பு ஒம்பது. கூடு பத்துத் தடவ திரும்ப வருது, அதுக்குப் பன்னெண்டு. மொத்தம் தொண்ணூத்தாறு."

"கடையில?"

"இருபது தோட்டா முப்பத்தோரு டாலர். ஒண்ணுக்கு ஒண்ணரை டாலரும் அஞ்சு சென்ட்டும்."

அப்பா மேசையைத் தட்டினார். "பாத்தியா? ஒண்ணுக்கு அம்பத்தொம்பது சென்ட் மிச்சம். நானூறுக்குப் போட்டுப் பாரு."

"இன்னும் முடியலை. மணிக்கு முப்பது தோட்டாதான் வருது, நீங்க ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ நிறுக்கச் சொல்றதால. ஸ்போக்கேன்ல எனக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர். அப்ப தோட்டா ஒண்ணுக்கு என் கூலி எழுபத்திமூணு. கூட்டுங்க. கடையவிட பதினாலு சென்ட் அதிகம். பிரஸ்ஸு, தராசு, அச்சு எதையும் நான் இன்னும் சேக்கவே இல்ல."

அப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. என்னை ஓரக்கண்ணால் பார்க்க வேண்டுமானால் அப்படித்தான் சாய்ப்பார்.

"உனக்கு யாரு கூலி குடுத்தா?"

"யாரும் குடுக்கலை. அதத்தான் சொல்றேன்."

"குடுக்காத காசு எப்படிச் செலவாகும்? அப்ப உங்கம்மா பொரிச்ச முட்டைக்கும் போடு. நான் உன்னத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சதுக்கும் போடு."

"போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை."

"படிக்க வெச்சது தப்பாப் போச்சு."

"நீங்க எங்க வெச்சீங்க?"

அவர் கணக்கில் என் மணி சைபர். சைபரை எதால் பெருக்கினாலும் அவர்தான் ஜெயிப்பார். என் அண்ணன் லேன் இரண்டு வருடத்துக்கு முன் வடக்கு டகோட்டா எண்ணெய் வயலுக்குக் கிளம்பியபோது எந்தத் தாளும் விரிக்கப்படவில்லை. "போய்ட்டு வாடா" என்று சொல்லி அப்பா தன் நல்ல கோட்டைக் கொடுத்தனுப்பினார்.

பேசாமல் கிளம்பிப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனால் அவர் தனியாக அடைப்பார். அது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். "அவரக் கோபப்படுத்தாம எப்படியாவது சமாளி" என்று மட்டும் அம்மா சொன்னாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் சமாளித்திருக்கிறாள். கண்ணில்லாத ஆள் கையில் வெடிமருந்தை விட்டுப் போவதா, ஊரைக் கூட்டி அவருக்குக் கண் இல்லை என்று சொல்லி லைசன்ஸையும் பிக்கப்பையும் பறிப்பதா? இரண்டு கதவு இருந்தது, இரண்டுக்கும் தாழ்ப்பாள் என் பக்கமே இருந்தது, திறக்கத்தான் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை பெட்டிகளைக் காரில் ஏற்றினேன். சனிக்கிழமை காலை ஊருக்குப் போய் என் சொந்தக் காசில் நாலு பெட்டிக் கடைத் தோட்டா வாங்கினேன். சமையல் மேசையில் அடுக்கி வைத்துவிட்டுப் புறப்படுவதாக உத்தேசம். வரிசையில் நின்று வாங்கித் திரும்ப மூன்று மணி நேரம் ஆனது.

வந்தபோது அப்பா கேரேஜில் இருந்தார். முகமெல்லாம் வெளிச்சம். மேசையில் மரத்தட்டு, அதில் வரிசையாக நாற்பது தோட்டா.

"அறுபது," என்றார். "மூணு மணி நேரத்துல அறுபது. உன் கூலி இல்லாமலே."

"எப்படி நிறுத்தீங்க?"

"அந்தப் புதுத் தராசுல எழுத்து பெருசு. தலையச் சாச்சா தெரியுது. ரெண்டு தடவ நிறுத்தேன். எண்ணிக்கோ."

எண்ணவில்லை. எனக்கு மருந்துப் பாட்டில்தான் கண்ணில் பட்டது. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாட்டில்தான் இருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் முதல் விதி. அப்பா விதியை மீறவில்லை. ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது. கறுப்புப் பிளாஸ்டிக், எப்போதும் ரைஃபிள் மருந்து இருக்கும் இடது ஓரத்திலிருந்து எடுத்தது. ஆனால் அது ரைஃபிள் மருந்து இல்லை. லேனின் கைத்துப்பாக்கி மருந்து. செப்டம்பரில் இரண்டு நாள் வந்தவன் தன் துப்பாக்கிக்கு அடைத்துவிட்டு, பாட்டிலைக் கிடைத்த இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மூடி. லேபிளில் மட்டும்தான் வித்தியாசம்.

எடை சரி. மருந்து தப்பு. கைத்துப்பாக்கி மருந்து சட்டென்று எரியும். ரைஃபிள் அளவுக்கு அதை ஊற்றி விசையை இழுத்தால் குண்டு முன்னால் போகுமோ என்னவோ, துப்பாக்கியின் பின்பக்கம் சுடுகிறவன் முகத்துக்கு வரும்.

"அப்பா, அறுபதுன்னீங்க. இங்க நாப்பதுதான் இருக்கு."

"ஹால்வர் வந்தான். ஒரு பெட்டி எடுத்துட்டுப் போயிட்டான். இன்னிக்கே சுட்டுப் பாக்கறானாம்."

அவருக்கு விளக்கிக்கொண்டு நிற்க நேரமில்லை. பாட்டிலையும் தட்டையும் தூக்கி என் காரில் போட்டேன். ஹால்வர் எங்கள் ரோட்டிலேயே இருக்கும் பண்ணைக்காரர், அப்பாவின் பழைய கூட்டாளி. அவர் வீட்டுக்குப் போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

ஒன்பது மைல் சரளை ரோடு. ஹால்வரின் நிலத்துக்கு ஒரு இரும்பு கேட்டு உண்டு. இறங்கித் திறக்க வேண்டும், உள்ளே போய் மறுபடி இறங்கிச் சாத்த வேண்டும். நான் கொக்கியைக் கழற்றும்போது குளத்துக் கரைப்பக்கம் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கொக்கி கையிலேயே நின்றது. மேட்டைத் தாண்டி என்ன கிடக்கிறதோ என்று தெரியாது. கேட்டைப் பப்பரக்கா என்று திறந்துபோட்டுவிட்டு வண்டியை விட்டேன்.

ஹால்வர் பிக்கப்பின் முன்மூடியில் மணல்மூட்டை போட்டு, அதன்மேல் ரைஃபிளைச் சாய்த்து, தொலைநோக்கியால் குறிப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் முழுசாக இருந்தது.

"கேட்டச் சாத்தினியா?" என்றார்.

"எந்தத் தோட்டா போட்டீங்க இப்ப?"

"போன வருஷத்து மிச்சம். மூணு கெடந்துச்சு. கேட்டச் சாத்தினியான்னு கேட்டேன். கன்னுக்குட்டிங்க ரோட்டுக்குப் போயிடும்."

"புதுப் பெட்டியக் குடுங்க."

அவர் பெட்டியைக் கையால் மூடிக்கொண்டார். அறுபத்தெட்டு வயது ஆள், பொம்மையைப் பிடுங்க வந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "ஏன்? உங்கப்பன் எனக்குக் குடுத்தது. முப்பது வருஷமா அவன் தோட்டாதான் சுடறேன். ஒண்ணு பிசகினதில்ல."

"இது பிசகும். மருந்து மாறிப்போச்சு."

"வெர்லினா? மாத்துவானா? போ பொண்ணே."

அவர் விரல் ஒரு தோட்டாவை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தது. பதினாறு மாதம் நான் அடக்கி வைத்திருந்தது அந்த விரலைப் பார்த்ததும் வாயிலிருந்து விழுந்தது.

"அப்பாவுக்குக் கண்ணு தெரியாது ஹால்வர். ரெண்டு வருஷமா தெரியாது. லேபிள் படிக்க முடியாது. போதுமா?"

சொன்னதும் அப்பாவை விற்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஹால்வர் தோட்டாவைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டியை என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"ரோட்டுல எதிர்ல போனா, என் வண்டி தாண்டிப் போனப்புறம் கைய ஆட்டறான். சர்ச்சுல பாட்டுப் புஸ்தகத்தத் தலைகீழாப் பிடிச்சுட்டுப் பாடறான். எல்லாருக்கும் தெரியும்."

"எல்லாருக்குமா?"

"இந்த ரோட்டுல இருக்கற எல்லாருக்கும்."

"தெரிஞ்சுமா அவர்கிட்ட தோட்டா வாங்கினீங்க?"

"அட, அடைக்கறது நீதானேன்னு வாங்கினோம். போன வருஷத்தது அவன் தோட்டாவ விட நல்லா விழுந்துச்சு, தெரியுமா? இன்னிக்கும் நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சேன்." அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நீ இருக்கேன்னுதானே நாங்க ஒருத்தரும் வாயத் திறக்கலை. அவனும் பாவம், மானஸ்தன். நீ பாத்துப்ப."

எனக்கு அப்போது வந்த கோபத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை, இப்போதும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஊருக்கே தெரிந்த ரகசியத்தை நான் ஒருத்தி மட்டும் காவல் காத்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் கூடிப் பேசாமலே முடிவெடுத்திருக்கிறார்கள், கோர்லிஸ் இருப்பாள் என்று. அப்பாவின் கணக்கில் மட்டும் இல்லை, இந்த ரோட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் என் மணி சைபர்.

"நான் திங்கக்கிழம ஸ்போக்கேன்ல இருக்கணும்," என்றேன்.

"அப்படியா? கேள்விப்படலையே. சீசன் முடிஞ்சுதானே போவே?"

வண்டியைத் திருப்பினேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேரேஜுக்கு அழைத்தேன். ஒரு தோட்டாவைக் குண்டைக் கழற்றவென்றே செய்த, தலையில் ஓட்டையுள்ள சுத்தியலில் மாட்டித் தரையில் நாலு அடி அடித்து, உள்ளிருந்த மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டினேன். அவர் விரலைப் பிடித்து அதில் வைத்தேன். ரைஃபிள் மருந்து பென்சில் முனையை நறுக்கினாற்போலக் குச்சி குச்சியாக இருக்கும். இது கசகசாபோல உருண்டது. அவர் விரல் ஒரு தடவை தேய்த்தது. இன்னொரு தடவை தேய்த்தது. பிறகு அசையவே இல்லை.

"ஹால்வர்," என்றார்.

"சுடலை. இருபதையும் வாங்கிட்டு வந்துட்டேன்."

அப்பா விரலைச் சட்டையில் துடைத்தார். "லேன் அவசரத்துல மாத்தி வெச்சிருப்பான்."

"ஆமா."

"நீ இருந்திருந்தா இது நடந்திருக்காது."

அவ்வளவுதான். இரண்டு வாக்கியம். அவனுக்கு அவசரம், எனக்குக் குற்றம். நான் மேலே மாட்டியிருந்த திருகுசாவியை எடுத்தேன். பிரஸ் நாலு போல்ட்டில் மேசையோடு கட்டியிருந்தது. முதல் போல்ட் சுழலும் சத்தத்திலேயே அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னடி பண்ற?"

"இது இங்க இருக்கற வரைக்கும் என்னால கிளம்ப முடியாது."

"என் சாமான் அது!"

"ஆமா. போலீஸக் கூப்பிடுங்க. வந்ததும் ஸ்டேஷனுக்கு உங்க வண்டிய நீங்களே ஓட்டிட்டு வரச் சொல்லட்டும்."

முரட்டு இரும்பு. தூக்கிப்போய் டிக்கியில் வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. தராசு, அச்சுகள், பாட்டில்கள் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் போட்டேன். பிக்கப் சாவியை ஆணியிலிருந்து எடுத்து, சமையல் மேசையில் அடுக்கிய கடைத் தோட்டாப் பெட்டிகளுக்கு நடுவில் அம்மாவுக்குத் துண்டுச்சீட்டோடு ஒளித்து வைத்தேன். திரும்பி வந்தால் என் காரின் முன்சீட்டில் அப்பா உட்கார்ந்திருக்கிறார். பெல்ட்டும் போட்டிருக்கிறார்.

"இறங்குங்க."

"அது எங்க போகுதோ அங்க நானும் போறேன்."

"ஸ்போக்கேனுக்கா?"

"ஸ்போக்கேன்ல மானு இருக்கு."

இழுத்து இறக்க முடியாது. அவர் என்னைவிட இரண்டு பங்கு கனம், பிடிவாதத்தில் நாலு பங்கு. காருக்கு வெளியே சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓர் அரை நிமிடம், இந்த வருடமும் இங்கேதான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வேலை தருகிறவர்களுக்குப் போனில் என்ன பொய் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அப்புறம் ஹால்வர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தது ஞாபகம் வந்தது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன்.

நெடுஞ்சாலைக்குத் திரும்பாமல் சரளையில் திரும்பியதை அப்பா டயர்ச் சத்தத்திலேயே கண்டுபிடித்தார். ஒன்றும் கேட்கவில்லை.

ஹால்வர் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தார், கையில் முள்கரண்டியோடு. நான் டிக்கியைத் திறந்தேன்.

"இது என்ன?"

"பிரஸ். முன்னால உக்காந்திருக்கறது வெர்லின். தனித்தனியாக் கிடைக்காது."

"புரியலை பொண்ணே."

"உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. உங்க கேரேஜ்ல நல்ல மேசை இருக்கு. கண்ணு உங்களது, கை அவரது. பாட்டில் லேபிள நீங்க வாய்விட்டுப் படிக்கணும், ஒவ்வொரு தடவையும். மிச்சம் இருக்கற அம்பத்தொம்பது தோட்டாவையும் மொதல்ல கழட்டுங்க, அந்த மருந்தக் கொட்டிடுங்க. வேட்டைக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க, சர்ச்சுக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க, உங்களால முடியலைன்னா இந்த ரோட்டுல தெரிஞ்ச மத்தவங்களக் கூப்பிடுங்க. இன்னிக்கு அம்மா ஷிப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள இவர வீட்டுல விட்டுடணும்."

கார்க் கதவு திறந்தது. அப்பா கதவைப் பிடித்தபடி இறங்கினார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. "உனக்குத் தெரியுமா?" என்றார் ஹால்வர் இருந்த திசையைப் பார்த்து, தலையைச் சாய்க்காமல்.

ஹால்வர் முள்கரண்டியைச் சட்டைப்பையில் செருகினார். "தெரியும் வெர்லின்."

"எவ்வளவு நாளா?"

"பாட்டுப் புஸ்தகத்துலேர்ந்து."

அப்பாவின் முகம் தரைக்குத் தாழ்ந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. பிரஸ்ஸின் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அப்பா தடவிக்கொண்டே வந்து என் கையை ஒதுக்கிவிட்டுத் தான் பிடித்தார்.

"இவனுக்குத் தராசுக்கும் வாணலிக்கும் வித்தியாசம் தெரியாது," என்றார்.

"முப்பது வருஷமா உன் தோட்டாவ சும்மாவா சுட்டேன்?" என்றார் ஹால்வர்.

"சும்மாதானே சுட்ட. ஒரு டாலர் குடுத்திருக்கியா?"

இருவரும் இரும்பைத் தூக்கிக்கொண்டு தள்ளாடினார்கள். "இடது, இடது" என்று ஹால்வர் கத்த, "என் இடதா உன் இடதா" என்று அப்பா கத்த, கேரேஜ் வாசல்வரை போனார்கள். நான் அட்டைப்பெட்டியைப் படியில் வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பினேன். ஹால்வர் மூச்சு வாங்க ஓடி வந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"கோர்லிஸ், வெளையாடாத. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதே. மருந்து, எடை... தப்பாப் போச்சுன்னா? இந்த வயசுல என்னால எப்படி..."

"எனக்கும்தான் ஒண்ணும் தெரியாது," என்றேன், "அவர் என்னக் கூப்பிட்டு அந்த மேசையில உக்கார வெச்சப்ப. எனக்குப் பதினோரு வயசு."

ஜன்னலிலிருந்து அவர் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன்.